கதை எழுதும் நாட்களில் படிக்கலாமா?

கேள்வி: சில வருடங்களாகச் சிறுகதைகள் எழுதுகிறேன். நான்கைந்து வெளிவந்திருக்கின்றன. சிறு வயதிலிருந்தே நிறையப் படிப்பவள். என் பிரச்சினை என்னவென்றால், யாரைப் படித்து முடித்தாலும் அடுத்து நான் எழுதுவதில் அவருடைய சாயல் வந்துவிடுகிறது. நீளநீளமாக எழுதுபவரைப் படித்தால் என் வாக்கியங்களும் நீள்கின்றன. சுருக்கமாக எழுதுபவரைப் படித்தால் எனக்கும் மூன்று சொல்லில் நின்றுவிடுகிறது. நண்பர் ஒருவர் என் கதையைப் படித்துவிட்டு, "நீ இப்போது யாரைப் படிக்கிறாய் என்று தெரிந்துவிட்டது" என்றார். கூசிப்போனேன். எழுதும் காலத்தில் எதையும் படிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். சில மாதங்களில் எழுத்தும் நின்றுவிட்டது. கடைசியாக எடுத்த நாவலைக்கூடப் பாதியில் வைத்துவிட்டேன். அதில் ஒரு பணிப்பெண் கதவைத் திறக்கிறாள், விளக்கேற்றுகிறாள், போய்விடுகிறாள். பாதிப் புத்தகம் வரை அவளைப் பற்றி வேறு ஒரு வரி கிடையாது. அந்த எரிச்சல் வேறு. (இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, மன்னிக்கவும்.) படித்தால் சாயல், படிக்காவிட்டால் வறட்சி. வாசிப்பு உண்மையிலேயே படைப்புக்கு உதவுகிறதா, அல்லது எல்லோரும் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டார்களா? படிக்க எவ்வளவு நேரம், எழுத எவ்வளவு நேரம் என்று ஒரு கணக்கும் சொன்னால் நல்லது.

— ஒரு வாசகி

பதில்: வணக்கம். படியுங்கள். எழுதும் காலத்தில் படிக்கக்கூடாது என்ற முடிவை இன்றே கைவிடுங்கள். வாசிப்பு எழுத்துக்கு அதிகம் கொடுப்பது அந்தக் காலத்தில்தான். எதை எடுப்பது, எப்படிப் படிப்பது என்பதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும்.

பிறருடைய கைப்பிரதிகளைச் செம்மைப்படுத்துவது என் தொழில். புதிதாக எழுதுகிறவர்களிடம் யாருடைய சாயலாவது இருப்பது எனக்கு அன்றாடக் காட்சி. அது தெரியும் இடங்களும் அனேகமாக மாறுவதில்லை. முதல் பத்தியில் தெரியும், கடைசிப் பத்தியில் தெரியும், வானத்தையோ மழையையோ வர்ணிக்கிற இடத்தில் தெரியும். 'இப்போது நான் இலக்கியம் எழுதுகிறேன்' என்ற நினைப்போடு உட்காரும் இடங்கள் அவை. நடுவில் அண்ணனும் தம்பியும் கடன் பாக்கிக்காகச் சண்டை போடும் காட்சி வந்துவிட்டால் எழுதுபவர் தன்னை மறந்துவிடுவார். அங்கே அவருடைய சொந்தக் குரல் கேட்கும். முதல் பத்தியைத் தூக்கிவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள் என்று நான் பலரிடம் சொல்வதற்கு இதுதான் காரணம். உங்கள் நண்பரிடம் எந்த இடத்தில் கண்டுபிடித்தார் என்று கேட்டுப் பாருங்கள். ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது என்பார் என்று நினைக்கிறேன்.

இதில் கூசுவதற்கு எதுவும் இல்லை. வெளியூரில் ஒரு மாதம் தங்கினால் அந்த ஊர்ப் பேச்சு நாக்கில் ஒட்டிக்கொள்ளும். திரும்பி வந்ததும் கொஞ்ச நாளில் போய்விடும், நல்ல சொற்கள் சில மட்டும் தங்கிவிடும். ஒரே எழுத்தாளரை வருடக்கணக்கில் படித்துக்கொண்டு வேறு யாரையும் தொடாதவரைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். உங்களுக்கோ சாயல் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அப்படியென்றால் உங்கள் காது நன்றாக வேலை செய்கிறது. வாக்கியத்தின் நீளத்தையும் நிறுத்தத்தையும் அது உடனே பிடித்துக்கொள்கிறது. உரைநடையின் தாளம் காதில் விழாதவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் எனக்கு, உங்கள் புகாரைப் படித்தபோது பொறாமையாகக்கூட இருந்தது.

பாரதி இளமையில் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் கவிதைகளில் மயங்கி, 'ஷெல்லிதாசன்' என்ற புனைபெயரில் எழுதியிருக்கிறார். பாரதியிடம் மயங்கிய கனகசுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். அந்தச் சுப்புரத்தினத்தின் மேல் பற்றுக்கொண்ட ராஜகோபாலன் சுப்புரத்தினதாசன் என்று பெயர் வைத்துக்கொண்டு, அதைச் சுருக்கிச் சுரதா ஆனார். யாரிடம் கற்றோம் என்பதைப் பெயரிலேயே போட்டுக்கொண்டவர்கள் இவர்கள். ஆனால் பாரதியின் பாட்டை ஷெல்லியுடையது என்று யாரும் நினைக்கப்போவதில்லை. பாரதிதாசனிடம் பாரதியின் சந்தம் அங்கங்கே கேட்டாலும் அந்தக் கோபமும் இயற்கையின் மேல் உள்ள அந்தக் காதலும் அவருடையவை. சுரதாவை உவமைக் கவிஞர் என்று சொல்வது யாருடைய தாசன் என்பதற்காக இல்லை. இவர்களில் யாராவது 'சாயல் வந்துவிடும்' என்று பயந்து படிப்பதை நிறுத்தியிருந்தால் நமக்குத்தான் நஷ்டம்.

உண்மையான ஆபத்து ஒன்று உண்டு, அது வேறு. பார்வையும் செவிப்புலனும் இல்லாத ஹெலன் கெல்லர் தன் பதினோராம் வயதில் 'பனி அரசன்' என்று ஒரு கதை எழுதி, தன் பள்ளியின் தலைவருக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார். அது அச்சில் வந்த பிறகுதான், மார்கரெட் கேன்பி என்பவர் முன்பே எழுதியிருந்த கதை ஒன்றோடு பல இடங்களில் அப்படியே ஒத்துப்போவது தெரிந்தது. 1892இல் பள்ளியில் விசாரணையே நடந்தது. சில வருடங்களுக்கு முன் யாரோ அந்தக் கதையை அவருக்கு விரல்மொழியில் வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள். வாசித்துச் சொன்னது மறந்துபோயிற்று, கதை மட்டும் உள்ளே தங்கிவிட்டது. எது தன் எண்ணம், எது படித்தது என்று தன்னால் எப்போதும் பிரித்துச் சொல்ல முடிவதில்லை என்று அவர் பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார். நிறையப் படிக்கிற எவருக்கும் இது நேரலாம்.

அதனால் பிடித்த வரிகளை நோட்டில் எடுத்து எழுதும் பழக்கத்தை நான் அவ்வளவாக ஆதரிப்பதில்லை. ஆசிரியர் பெயர் இல்லாமல், பக்க எண் இல்லாமல் கிடக்கும் ஓர் அழகான வரி இரண்டு வருடம் கழித்து உங்கள் வரி மாதிரியே இருக்கும். எழுதித்தான் தீருவேன் என்றால் பெயரையும் பக்கத்தையும் சேர்த்து, வேறு நிற மையில் எழுதுங்கள். வரியை எழுதுவதைவிட, படிக்கும்போது மனதில் எழுந்த கேள்வியை எழுதி வைப்பது மேல். 'இந்தப் பெண் ஏன் பதில் சொல்லவில்லை?' 'இவர் சாவைச் சொன்ன பிறகு ஏன் உடனே வானிலையைப் பற்றிப் பேசுகிறார்?' இந்த மாதிரி.

சரி, வறட்சிக்கு வருவோம். படிப்பதை நிறுத்தியதும் எழுத்தும் ஏன் நின்றது?

1838இல் சார்லஸ் டார்வின் பொழுதுபோக்காக ஒரு புத்தகத்தை எடுத்தார். மக்கள்தொகை பற்றி மால்தஸ் எழுதியது. உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்ற கேள்வியை வைத்துக்கொண்டு அதற்கு முன்பே பதினைந்து மாதமாக அவர் குறிப்புகள் எடுத்துக்கொண்டிருந்தார். உணவைவிட வேகமாக மக்கள் பெருகுவார்கள், அதனால் போராட்டம் இருந்துகொண்டே இருக்கும் என்ற இடத்தைப் படித்ததும் அந்தப் போராட்டத்தில் சூழலுக்குப் பொருந்துபவை பிழைத்துப் பெருகும் என்ற இயற்கைத் தேர்வுக் கருத்து அவருக்குப் பிடிபட்டது. இருபது வருடம் கழித்து, 1858இல், இன்னொரு இயற்கை ஆய்வாளரான ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் காய்ச்சலில் கிடந்தபோது, எப்போதோ படித்த அதே மால்தஸ் நினைவுக்கு வந்து, அவரும் அதே கருத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தப் புத்தகம் முதலில் வெளியானது 1798இல். அதைப் படித்தவர்களில் பெரும்பாலோருக்கு அது மக்கள்தொகை பற்றிய நூல், அவ்வளவுதான். டார்வின் கையில் ஒரு கேள்வியோடு அதைத் திறந்தார். வாலஸுக்குக் கேள்வி முற்றிய நேரத்தில் பழைய புத்தகம் தானாகத் தேடி வந்தது.

கதைக்கும் இப்படித்தான். பாதி எழுதிய கதை ஒன்று மனதில் கிடக்கும்போது எதைப் படித்தாலும் அதற்கு ஏதாவது கிடைக்கும். பார்வை மங்கிவரும் கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். இரவில் ஓர் அறுவை மருத்துவரின் அனுபவக் கட்டுரையைப் படிக்கிறீர்கள். கை நடுங்க ஆரம்பித்ததை அவர் உடன் வேலை செய்பவர்களிடமிருந்து எப்படி மறைத்தார் என்று ஓர் இடம் வருகிறது. உங்கள் ஆளுக்கு ஓர் அசைவு கிடைத்துவிட்டது. கதை கையில் இல்லாத நாளில் அதே கட்டுரையைப் படித்திருந்தால் 'நல்லாயிருக்கு' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள். எழுதும் நாட்களில் புத்தகத்தை மூடி வைப்பது, கொடுக்க ஆள் வரும் நேரம் பார்த்துக் கதவைச் சாத்துவது.

இன்னொன்று. வியப்பு மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் நகலாகத்தான் முடியும். 'ஆகா, எப்படி எழுதியிருக்கிறார்!' என்ற மயக்கத்தில் உட்கார்ந்தால் கை அவர் மாதிரியே எழுதப் பார்க்கும். படிக்கும்போது வருகிற எரிச்சல், 'இது சரியில்லையே', 'இவளைப் பற்றி ஏன் சொல்லவில்லை?' என்ற முணுமுணுப்பு, இவைதான் சொந்தக் கதையைக் கிளப்பிவிடும். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது, சம்பந்தமில்லை என்று அடைப்புக்குறிக்குள் மன்னிப்புக் கேட்டீர்களே, அந்தப் பணிப்பெண். உங்கள் அடுத்த கதை அங்கே நிற்கிறது.

ஷார்லட் பிராண்டேயின் 'ஜேன் அயர்' நாவல் 1847இல் வந்தது. அதில் மாடியறையில் பூட்டி வைக்கப்பட்ட மனைவி ஒருத்தி உண்டு. ஜமைக்காவிலிருந்து வந்தவள், பைத்தியம் என்று சொல்லப்படுபவள். சிரிப்பொலியும் கூச்சலும் கேட்கும், அவள் தரப்பில் ஒரு சொல் கிடையாது. கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸுக்கு இது பொறுக்கவில்லை. அவள் யார், எங்கே வளர்ந்தாள், எப்படி அந்த மாடிக்கு வந்து சேர்ந்தாள் என்று 1966இல் ஒரு தனி நாவலையே எழுதினார். நம்மிடம் புதுமைப்பித்தன். ராமனின் பாதம் பட்டு அகலிகை கல்லிலிருந்து பெண்ணாக எழுந்தாள், சாபம் தீர்ந்தது, கதை முடிந்தது என்று எல்லோரும் எழுந்துபோன இடத்தில் அவர் உட்கார்ந்துகொண்டார். சாபம் தீர்ந்த பிறகு அவள் எப்படி வாழ்ந்திருப்பாள்? கணவன் முகத்தை எப்படிப் பார்த்திருப்பாள்? அதே ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தி அவள் காதுக்கு வந்தால்? 'சாப விமோசனம்' அந்தக் கேள்விகளிலிருந்து வந்த கதை. முடிவில் அகலிகை மீண்டும் கல்லாகிவிடுகிறாள். மூலத்தை நன்றாகப் படித்து, அதோடு மனத்தாங்கல் கொண்டவரால் மட்டுமே இப்படி எழுத முடியும்.

ஓர் எச்சரிக்கை. இந்த வகைக் கைப்பிரதிகள் என் மேசைக்கு நிறைய வருகின்றன, அவற்றில் பாதி மறுப்புக் கட்டுரைகளாக முடிந்துவிடுகின்றன. பக்கத்துக்குப் பக்கம் மூல ஆசிரியரோடு வாதாடிக்கொண்டே போவார்கள். அந்த மூலத்தைப் படிக்காதவருக்கும் உங்கள் கதை தனியாக நிற்க வேண்டும். அந்த நாவலின் வீட்டையோ ஊரையோ பெயர்களையோ எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆசிரியர் ஏன் அவளை விட்டுவிட்டார் என்று ஆராயவும் வேண்டாம். ஒரு பெரிய வீட்டில் தினமும் விளக்கேற்ற மட்டும் வந்துபோகும் ஒருத்தி அந்த அரை நிமிடத்தில் எதையெல்லாம் பார்ப்பாள்? அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வரைவு முடியும் வரை அந்த நாவலின் மீதிப் பாதியைத் தொடவும் வேண்டாம். பின்பாதியில் ஆசிரியர் அவளைப் பற்றிச் சொல்லிவிட்டிருந்தால் உங்கள் எரிச்சல் தீர்ந்துவிடும், கதையும் போய்விடும்.

எப்படிப் படிப்பது என்று கேட்டால், எனக்குத் தெரிந்த வழிகளில் உருப்படியானது அமெரிக்க எழுத்தாளரும் அரசியல் தலைவருமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் செய்தது. பதின்வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலை கற்றுக்கொண்டிருந்தபோது 'ஸ்பெக்டேட்டர்' என்ற இதழின் தொகுதி ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதிலிருந்து சில கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதி வைத்தார். சில நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல், குறிப்புகளை மட்டும் வைத்துக் கட்டுரையைத் தன் சொற்களில் திரும்ப எழுதினார். அப்புறம் மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் குறைகளைத் திருத்தினார். சொல்வளம் போதவில்லை என்று தோன்றியபோது சில கதைகளைச் செய்யுளாக மாற்றி, மறந்த பிறகு மறுபடி உரைநடையாக்கினார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, சரியான வரிசையைத் தானே கண்டுபிடிக்கப் பார்த்தார். அங்கங்கே சின்ன விஷயங்களில் மூலத்தைவிடத் தான் நன்றாக எழுதிவிட்டதாகத் தோன்றியதாம், அதைச் சந்தோஷமாகப் பதிவு செய்திருக்கிறார்.

சாயல் பிரச்சினைக்கு இதுவே மருந்து. தெரியாமல் வந்து ஒட்டிக்கொள்ளும் சாயலை நீங்களே வெளிப்படையாகக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். உங்களை மயக்கிய எழுத்தாளரின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது என்று இரண்டு மூன்று சொல்லில் குறியுங்கள். 'அறைக்குள் வருகிறாள்.' 'காலம் சொல்கிறார்.' 'பழைய சண்டை, பெயர் சொல்லாமல்.' 'பொய்.' ஒரு வாரம் போகட்டும். பிறகு குறிப்புகளை வைத்து, அவர் நடையிலேயே எழுத முயலுங்கள், கொஞ்சமும் வெட்கப்படாமல். இதை யாருக்கும் காட்டப்போவதில்லை. ஒப்பிடும்போது இரண்டு விஷயம் தெரியும். அவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பது ஒன்று, படிக்கும்போது அது கண்ணில் படாது, எழுதிப் பார்த்தால்தான் படும். இரண்டாவது எனக்கு இன்னும் முக்கியம். எவ்வளவு முயன்றும் சில இடங்களில் உங்களால் அவர் மாதிரி எழுத முடிந்திருக்காது. நீங்கள் இரண்டு வாக்கியம் கூடுதலாக எழுதியிருப்பீர்கள், அல்லது அவர் வர்ணித்த இடத்தில் ஒருவரைப் பேச வைத்திருப்பீர்கள். அந்தப் பிசகுகளைத் தேதி போட்டுச் சேர்த்து வையுங்கள். நான்கைந்து பேரை இப்படி நகலெடுத்த பிறகு பார்த்தால், எல்லா நகல்களிலும் ஒரே மாதிரியான பிசகு திரும்பத் திரும்ப வந்திருக்கும். உங்கள் நடை அதுதான்.

இதற்கு மறுவாசிப்பு வேண்டும். முதல் தடவை கதை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், எப்படிச் செய்தார் என்று பார்க்க விடாது. வருடத்துக்கு எத்தனை புத்தகம் முடித்தோம் என்று எண்ணிக்கை வைத்துப் பெருமைப்படுவது இப்போது அதிகமாகிவிட்டது. எழுத நினைப்பவர் அந்தப் போட்டியில் சேர வேண்டியதில்லை.

எதைப் படிப்பது? எழுதிக்கொண்டிருக்கும் கதைக்கு மிக அருகில் இருப்பதை ஒதுக்குங்கள். சிறுவன் சொல்வதாகக் கதை எழுதும்போது சிறுவன் சொல்லும் நாவலைப் படிக்க வேண்டாம். தூரத்தில் இருப்பதை எடுங்கள். குறுந்தொகையை நான் பலருக்கும் சொல்வதுண்டு. நான்கிலிருந்து எட்டு அடி வரைதான், அதற்குள் ஒரு முழு நாடகம். தலைவன், தலைவி யாருக்கும் பெயர் கிடையாது. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பது யார் என்பதிலேயே பாதிக் கதை நடந்துவிடும். தோழியிடம் பேசுவது போல வேலிக்கு அப்பால் நிற்கும் தலைவனுக்குக் கேட்கும்படி பேசுகிற பாட்டைப் படித்துவிட்டு உங்கள் கதையின் உரையாடலைப் பாருங்கள். எல்லோரும் நினைப்பதை நேராகச் சொல்லிக்கொண்டிருப்பது உறுத்தும். அந்தப் பழைய மொழி உங்கள் நடையில் ஒட்டாது. சுருக்கம் மட்டும் ஒட்டும், அது நல்லதுதான்.

அதோடு கதையல்லாதவை. நீதிமன்றத் தீர்ப்புகள், பழைய கடிதத் தொகுப்புகள், பறவைகள் பற்றிய கையேடு, நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதியவை. கதை மட்டுமே படிப்பவர்களின் பாத்திரங்கள் வேறு கதைகளில் வரும் பாத்திரங்களைப் போலவே பெருமூச்சு விடுவார்கள், ஜன்னல் வழியே வெறித்துப் பார்ப்பார்கள். கைப்பிரதியில் ஒரு விவரம் புதிதாக இருந்தால் எங்கே கிடைத்தது என்று நான் கேட்பேன். பெரும்பாலும் நாவலில் கிடைத்திருக்காது.

கணக்கு கேட்டிருந்தீர்கள். நிலையான விகிதம் எதையும் நான் நம்புவதில்லை, வரிசையை நம்புகிறேன். எழுதும் நாளில் முதலில் எழுதுங்கள், பிறகு படியுங்கள். பிறர் வாக்கியம் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போது உட்காராமல், ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகு உட்கார்ந்தால் ஒட்டியதில் பாதி உதிர்ந்திருக்கும். எழுதும் நாட்களில் இருபது முப்பது பக்கம் போதும், எழுதாத நாட்களில் கணக்கே வேண்டாம். படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கதைக்கு ஏதாவது தோன்றினால், எவ்வளவு விறுவிறுப்பான இடமாக இருந்தாலும் புத்தகத்தை மூடிவிட்டு அதை எழுதப் போய்விடுங்கள். பாதியில் நிற்கும் புத்தகங்கள் வீட்டில் சேர்ந்துகொண்டே போகும், போகட்டும்.